இரு மச்சான்

என் தங்கை புருஷன் தாலி கட்டிய அழகை எங்கள் குப்பத்தில் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். கெட்டிமேளம் முழங்கி, அட்சதையெல்லாம் விழுந்து முடிந்துவிட்டது. நாத்தனார் முடிச்சு போட வந்த அவன் அக்கா பின்னால் குனிந்தபடியே நிற்கிறாள். இவன் முதல் முடிச்சையே விடவில்லை. இழுத்துப் பார்க்கிறான், நகத்தால் அமுக்கிப் பார்க்கிறான், மறுபடி இழுத்துப் பார்க்கிறான். நாதஸ்வரக்காரர் கண் பிதுங்க என்னைப் பார்த்தார். நான் அவன் காதருகே போய், சீக்கிரம் மாப்ள என்றேன். திரும்பாமலே சொன்னான்:

"இரு மச்சான்."

அவன் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது. அதற்குப் பிறகு பதினாறு வருஷம் ஒரே படகில் போனோம். படகு என்னுடையது, இன்ஜின் கைப்பிடி அவன் கையில். அந்தப் பதினாறு வருஷத்தில் அவன் என்னிடம் பேசியதையெல்லாம் சேர்த்து வைத்தால் பாதி அந்த இரண்டு வார்த்தையாகத்தான் இருக்கும். போன வருஷம் செத்துப்போனான். அதிலும் அவசரப்படவில்லை. கிட்னி போய், வாரத்துக்கு இரண்டு தடவை பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு அலைந்து, ஒன்றரை வருஷம் எடுத்துக்கொண்டான்.

நானோ காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவன். மூக்குக்கு மேல் கோபம் வரும். எனக்கும் அவனுக்கும் எப்படி ஒத்துப்போனது என்று கேட்பார்கள். ஒத்தே போகவில்லை, தங்கச்சிக்காகப் பொறுத்துக்கொண்டேன் என்றுதான் ரொம்ப காலம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவன் ஏரிக்காரன். எளாவூரைத் தாண்டி, ஆந்திர எல்லையை ஒட்டி, பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு சின்ன ஊர். அப்பாவை நைனா என்பான். இறாலைக் கையால் தடவிப் பிடிக்கிற குடும்பம். அவன் அம்மா கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்த வாக்கில் நகர்ந்து நகர்ந்து சேற்றைத் தடவுவதை நானே பார்த்திருக்கிறேன். பெண் பார்க்கிற பேச்சு நடந்தபோது நாங்கள் அந்த வீட்டுக்குப் போனோம். அவன் நைனா உள்ளே கயிற்றுக் கட்டிலில் கிடந்தார். இடுப்புக்குக் கீழே அசைவில்லை. பனைமரத்திலிருந்து விழுந்தார் என்றார்கள். அதற்கு மேல் நான் கேட்டுக்கொள்ளவில்லை.

லைட்ஹவுஸ் குப்பத்தில் இருக்கிற எங்களுக்குக் கடல் வாசலிலேயே இருக்கிறது. ஏரிக்காரன் என்றால் கொஞ்சம் இளக்காரம்தான். இடுப்புத் தண்ணீரில் கோல் ஊன்றிப் போகிறவனெல்லாம் மீன்காரனா என்போம். வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தவனை விட்டுவிடுவோமா? காலையில் பத்துப் படகு அலையைத் தாண்டிப் போய்விடும். இவன் கரையில் நின்று அலை எண்ணிக்கொண்டிருப்பான். பெரிய அலை எத்தனை, சின்ன அலை எத்தனை, நடுவில் சும்மா இருக்கிற நேரம் எவ்வளவு என்று ஏதோ கணக்கு. நான் கத்துவேன். அவன் கையை மட்டும் உயர்த்திக் காட்டுவான். ஒன்று சொல்ல வேண்டும். அவன் கைப்பிடி பிடித்த காலத்தில் எங்கள் படகு ஒரு தடவைகூட அலையில் கவிழவில்லை. அதை அப்போது யாரும் கணக்கில் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

அவனுக்குச் சுத்தமாகப் பிடிக்காத வேலை ஒன்று உண்டு, கரை ஏற்றுவது. எங்கள் பக்கத்தில் படகைக் கட்டி இறங்குகிற ஜெட்டி மேடை கிடையாது. ஒரு அலை பார்த்து, அதன் பின்னாலேயே முழு வேகத்தில் இன்ஜினை விரட்டி, படகை மண்ணின்மேல் அடித்து ஏற்ற வேண்டும். வேகம் குறைந்தால் பின்னால் வருகிற அலை படகைப் புரட்டிவிடும். ஏறும்போது விழுகிற அடியில் நல்ல முதுகுக்காரனுக்கே பல் ஆடும். எங்களுக்கு அது பழகிப்போன அடி. இவன் மட்டும் ஒவ்வொரு தடவையும் முகத்தைச் சுளித்துக்கொள்வான். அவர்கள் ஊரில் படகு கரைக்குக் கிட்டே வந்ததும் தண்ணீரில் இறங்கி, மாட்டை ஓட்டிக்கொண்டு வருவதுபோல் கையால் பிடித்து நடத்தி வருவார்களாம். அதைச் சொன்ன அன்று நாங்கள் சிரித்த சிரிப்பில் தேசிங்குக்கு விக்கல் எடுத்துவிட்டது. தேசிங்கு எங்கள் படகில் மூன்றாவது ஆள், வாய் ஜாஸ்தி, மனசு நல்ல மனசு.

அவனுடைய நிதானம் எப்போதும் நல்லதுக்கே ஆனது என்று சொன்னால் என் தங்கச்சி என்னைத் துடைப்பத்தால் அடிப்பாள். அவளுக்கு வலி எடுத்த அன்று ஆட்டோ கூட்டிவரப் போனான். தெருக்கோடியில்தான் ஆட்டோ நிற்கிறது. ஓடியிருந்தால் ரெண்டு நிமிஷம். நடந்து போனான். டிரைவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தாராம், சாப்பிடட்டும் என்று நின்றானாம். குழந்தை பொன்னேரி ரோட்டில் ஆட்டோவிலேயே பிறந்தது. இரண்டு உயிரும் தப்பித்தது பெரிய புண்ணியம். தங்கச்சி அதை ஆயுசுக்கும் சொல்லிக்காட்டினாள். தப்பு என்று அவனுக்கே தெரியும். ஆனால் மறுநாளும் அதே நடைதான்.

இப்படிப்பட்டவன் கையில்தான் அந்தப் பையன் வந்து மாட்டினான்.

மார்கழி மாதம், வாடைக்காற்று. காலை எட்டு எட்டரை இருக்கும். கரை ஒரு கோடாகத் தெரிகிற தூரத்தில், போட்ட வலையை இழுத்து வாங்கிக்கொண்டிருந்தோம். தலைக்கு மேலே ராணுவ ஜெட் விமானங்கள் போவது எங்களுக்குப் புதிதில்லை. சத்தம் வந்தால் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டோம். அன்றைக்கு நிமிர்ந்து பார்த்தது, சத்தம் நின்றுபோனதால். இரைந்துகொண்டு வந்தது, இரண்டு தடவை பட்டாசு மாதிரி வெடித்தது, அப்புறம் ஒன்றுமே இல்லை. ஜெட் ஒன்று சத்தமில்லாமல் தாழ்ந்து வந்தது. எங்களைத் தாண்டும்போது அதன் தலையில் நெருப்பு மின்னி, ஏதோ ஒன்று மேலே தெறித்தது. விமானம் அப்படியே கிழக்கே போய், கண்ணுக்கு எட்டாத தூரத்தில் விழுந்தது. தெறித்தது மட்டும் ஒரு துணி விரிந்து, காற்றில் ஆடி ஆடி எங்கள் பக்கம் இறங்கியது.

தேசிங்கு, ராக்கெட் துண்டாக இருக்கும், கிட்டே போகாதே என்றான். ராக்கெட் விடுகிற தீவுக்குப் பக்கத்தில் வாழ்கிற நாங்கள், வானத்திலிருந்து விழுவதைத் தொடாதே என்று கேட்டு வளர்ந்தவர்கள். அந்தத் துணிக்குக் கீழே இரண்டு கால் தொங்குவதை மாப்பிள்ளைதான் முதலில் பார்த்தான். வலையை மிதவையோடு விட்டுவிட்டுக் கிளம்பினோம்.

போய்ச் சேர்வதற்குள் செத்துவிடுவான் என்று நான் கத்துகிறேன். இவன் நூறடி தூரத்திலேயே இன்ஜினை அணைத்துவிட்டான். எனக்கு வந்த ஆத்திரத்தில் துடுப்பை எடுத்து அவன் தலையில் போட்டிருப்பேன். அவன் தண்ணீரைக் காட்டினான். பாராசூட் கயிறு எங்கே பார்த்தாலும் மிதக்கிறது. இன்ஜினில் சுற்றியிருந்தால் பையனையும் சேர்த்து இழுத்திருக்கும். துடுப்பு போட்டுப் போனோம். சின்னப் பையன், இருபத்தைந்து இருபத்தாறு வயது. மூக்கில் ரத்தம். மார்பில் கட்டியிருந்த சின்னப் பெட்டியைத் தட்டித் தட்டிப் பேசினான், அதிலிருந்து பதில் வரவில்லை. எங்களைப் பார்த்ததும் ஏதோ இந்தியில் சொன்னான். அப்புறம் இங்கிலீஷில் "பேக், பேக்" என்று முதுகைக் காட்டினான். கால் பக்கம் கையைக் காட்டி, முடியவில்லை என்பதுபோல் தலையை ஆட்டினான்.

தண்ணீரில் கிடக்கிற ஆளைக் கக்கத்தில் கை கொடுத்து ஒரே தூக்காகத் தூக்கிப் படகுக்குள் போடுவதுதான் எங்கள் வழக்கம். நானும் தேசிங்கும் குனிந்துவிட்டோம். இரு மச்சான் என்று இவன் குதித்தான். கத்தியால் கயிறுகளை ஒவ்வொன்றாக அறுத்தான். படகில் உட்காருகிற பலகையைப் பெயர்த்து வாங்கி, தண்ணீருக்குள்ளேயே பையன் முதுகுக்கு அடியில் செருகி, வலைக்கயிற்றால் நெற்றி, மார்பு, இடுப்பு, முட்டி என்று கட்டினான். முடிச்சை இழுத்து இழுத்துப் பார்த்தான். பிறகு நாங்கள் ஒரு பக்கமாக நின்று படகைச் சாய்க்க, பலகையோடு சறுக்கி ஏற்றினோம். அரை மணி நேரம் போயிருக்கும். அந்தப் பையன் பல்லைக் கடித்துக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இவன் செய்த அடுத்த வேலை, பையனின் பூட்ஸை அறுத்துக் கழற்றியது. தன் கால் விரலை ஆட்டிக் காட்டி, நீயும் ஆட்டு என்று சைகை செய்தான். இரண்டு காலிலும் கட்டைவிரல் லேசாக அசைந்தது. இவன் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது பாருங்கள், தனக்குப் பிள்ளை பிறந்தபோதுகூட அப்படிச் சிரித்ததில்லை.

கரைக்கு வர வர போனில் சிக்னல் கிடைத்தது. நான் எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். லைட்ஹவுஸ் குப்பத்துக்கே ஆம்புலன்ஸ் வருகிறது, சீக்கிரம் கொண்டு வா என்றார்கள். தூரத்தில் ஒரு ஹெலிகாப்டர் தெரிந்தது. அது விமானம் விழுந்த இடத்தையே சுற்றிக்கொண்டிருந்தது. கரையில் ஊரே நின்றது. வெள்ளை ஆம்புலன்ஸ் தெரிகிறது, ஆள்கள் துண்டை வீசிக் கூப்பிடுவது தெரிகிறது. அலை அன்றைக்கு ஆளுயரம். அலை உடைகிற இடத்துக்கு வெளியே வந்ததும் இவன் இன்ஜினைக் குறைத்து நிறுத்திவிட்டான்.

அலை எண்ணுகிறான் என்று நான் நினைத்தேன். ஐந்து நிமிஷம் போயிற்று. பெரிய அலையெல்லாம் ஓய்ந்து நல்ல சந்தர்ப்பம் ஒன்று வந்தது. அதையும் விட்டான். பையனின் உதடு நீலம் பாய ஆரம்பித்துவிட்டது.

இன்னா மாப்ள பண்றே என்று கேட்டேன். இங்கே ஏற்ற முடியாது, வடக்கே முகத்துவாரத்துக்குப் போய், ஏரிக்குள் நுழைந்து, பழவேற்காட்டு ஜெட்டியில் இறக்கலாம் என்றான். எனக்குத் தலை சுற்றியது. முகத்துவாரத்தில் மணல் மேடிட்டுக் கிடக்கிறது. தண்ணீர் வற்றுகிற நேரம். ஏற்றத் தண்ணீர் வந்தால்தான் படகு உள்ளே போகும், அதற்கு ஒரு மணி நேரமாவது ஆகும். எதிரே ஆம்புலன்ஸ் நிற்கிறது. கையெட்டும் தூரம்.

"இந்த அடி அவனுக்கு ஆவாது மச்சான்" என்றான். "எங்க நைனா வுழுந்தப்ப கால் ரெண்டும் ஆட்னாரு. நான் பாத்தேன். நாலு பேரு ஓடியாந்து, கை ஒருத்தன் கால் ஒருத்தன்னு தூக்கினு ஓட்னாங்க. வண்டில போட்டு, பள்ளம் மேடெல்லாம் வெரட்னாங்க. நல்ல மனசோடதான் தூக்னாங்க மச்சான். ஆஸ்பத்திரிக்குப் போறப்ப கால் ஆடல."

அவன் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. கேட்டும் என் மண்டையில் ஏறவில்லை. ஆட்டோவில் பிறந்த என் தங்கச்சி பிள்ளைதான் ஞாபகம் வந்தது. இவன் நிதானத்துக்கு இன்னொரு உயிரா? இவன் ஆமை, இவன் நைனா கதையைச் சொல்லிக்கொண்டு ஒரு பையனைக் கண்ணெதிரே சாகவிடப் போகிறான் என்று தோன்றியது. கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டே பாய்ந்து இன்ஜின் கைப்பிடியைப் பிடித்தேன். அவன் விடவில்லை. நான் என் பலம் முழுக்கக் கொடுத்து முறுக்கி இழுத்தேன்.

இன்ஜின் உறுமியது. படகு சரக்கென்று திரும்பி, வந்த அலைக்குக் குறுக்கே நின்று, ஒரு பக்கம் தூக்கி அடித்தது. பலகையோடு பையன் ஒரு சாண் எழும்பி விழுந்தான். அவன் போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. "மா" என்றான். எல்லாப் பாஷையிலும் அதுதான் போலிருக்கிறது.

மாப்பிள்ளை என்னை அடிக்கவில்லை. கைப்பிடியிலிருந்து என் விரலை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டான். படகைக் கடல் பக்கம் திருப்பி நிறுத்திவிட்டு, குனிந்து பையனின் காலைப் பார்த்தான். தன் விரலை ஆட்டிக் காட்டினான். பையன் முயற்சி செய்வது முகத்தில் தெரிந்தது. இடது கால் அசைந்தது. வலது கால் அசையவில்லை.

தேசிங்கு என்னைப் பார்த்தான். நான் கடலைப் பார்த்தேன்.

முகத்துவாரத்துக்கு வெளியே நாங்கள் காத்துக் கிடந்த அந்த ஒரு மணி நேரத்தைச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. போன் விடாமல் அடித்தது. அதிகாரி ஒருவர் பேசினார், உடனே கரைக்குக் கொண்டுவராவிட்டால் நடப்பதற்கு நீங்கள்தான் பொறுப்பு என்றார். தங்கச்சி பேசினாள், உங்க ஆமை வேலைய இன்னிக்குமா காட்டணும் என்று அழுதாள். இவன் போனை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டுத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அலை ஆட்டாமல் இருக்க, படகின் முகத்தை ஒவ்வொரு அலைக்கும் நேராகத் திருப்பிக்கொண்டே இருந்தான். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை அந்த வலது காலைப் பார்ப்பான். பையன் கண்ணை மூடினால் கன்னத்தில் தட்டி எழுப்புவான்.

தண்ணீர் ஒருவழியாகத் திரும்பியது. மணல் மேட்டுக்கு மேல் மார்பளவு ஆனதும் இவன் இன்ஜினை அணைத்துத் தூக்கிவிட்டு இறங்கினான், தேசிங்கை அந்தப் பக்கம் இறக்கினான். இரண்டு பேரும் படகைக் கையால் பிடித்து நடத்திக்கொண்டே ஏரிக்குள் வந்தார்கள். நாங்கள் எந்த வேலையைச் சொல்லிச் சிரித்தோமோ அதே வேலை. எனக்கு அவன் கொடுத்த வேலை, பையனின் தலை திரும்பாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வது. பையன் கண் என் முகத்துக்கு ஒரு முழம் கீழே இருந்தது. ஜெட்டி வரைக்கும் அவன் என்னைப் பார்த்துக்கொண்டே வந்தான். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் வந்தேன்.

ஜெட்டியில் ராணுவ டாக்டர் ஒருவர் நின்றார். பலகையையும் கட்டையும் குனிந்து பார்த்தார், ஏதோ கேட்டார், எங்களுக்குப் புரியவில்லை. பலகையோடு அப்படியே தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை.

டிவிக்காரர்கள் வந்தார்கள். படகு யாருடையது என்று கேட்டார்கள், என்னுடையது. மைக்கை என் வாயருகே நீட்டினார்கள். முதலில் நாங்கள் யோசித்து ஏரிப் பக்கம் போனோம் என்றேன். மூன்றாவது மைக்குக்கு வரும்போது அது நான் யோசித்து என்று ஆகிவிட்டது. ஊரில் மேடை போட்டு எனக்குச் சால்வை போர்த்தினார்கள். மாப்பிள்ளை கூட்டத்தில் கடைசியில் நின்று கை தட்டினான். வீட்டுக்கு வந்ததும் தங்கச்சி என்னிடம், உன் வாய்க்கு வெக்கமே இல்லையா என்று கேட்டாள். கைப்பிடி விஷயம் அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் என் முகத்தில் முழித்திருக்க மாட்டாள். அவன் அவளிடம் சொல்லவில்லை. தேசிங்கையும் சொல்லவிடவில்லை.

அவன் அலை எண்ணுவதை நிறுத்தவில்லை, சாப்பாட்டை ஒரு மணி நேரம் சாப்பிடுவதை நிறுத்தவில்லை. ஒன்று மட்டும் புதிதாகச் சேர்ந்துகொண்டது. வலை வாங்கும்போது, கிழிந்த வலைக்குத் தையல் போடும்போது, எதற்கும் சம்பந்தமில்லாமல் கேட்பான், அந்தப் பையன் நடக்கிறானா, எதுனா தெரிஞ்சுதா என்று. நாலைந்து மாதம் கழித்து ஒரு மத்தியானம், வலையைக் காயவைத்துக்கொண்டிருந்தபோது என் பக்கத்தில் வந்து குந்தினான்.

"ஒரு மணி நேரம் வெச்சினு இருந்தேனே மச்சான். அதனாலதான் அந்தக் கால் ஆடாம பூட்ச்சோ? நான் கரைக்கே வுட்டிருக்கணுமோ?"

அவன் கண்ணில் தண்ணீர். அந்தக் கால் அசைவு நின்றது எப்போது என்று எனக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும். ஆனால் என் தலையில் போட வேண்டிய பழியை அவன் தேடித் தேடித் தன் தலையில் போட்டுக்கொண்டிருந்தான். உன் தப்பு இல்ல மாப்ள, நான் இழுத்ததுதான் என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். தெரியல மாப்ள, யார் கண்டா என்று சொல்லிவிட்டு வலையைத் திருப்பிப் போட்டேன். இதைவிடக் கேவலமாக நான் எதுவும் செய்ததில்லை.

மறு வருஷம் பொங்கல் கழித்து ஒரு ஜீப் வந்தது. குப்பத்து மணலில் அது ஓடாது, ரோட்டிலேயே நின்றுவிட்டது. அதிலிருந்து இறங்கி ஒருவர் நடந்து வந்தார். கூட ஒரு தமிழ் தெரிந்த சிப்பாய். நான் படகடியில் நின்றிருந்தேன். முகத்தை நான் பார்க்கவில்லை. காலைத்தான் பார்த்தேன். வலது காலைக் கொஞ்சம் இழுத்து வைத்தார். ஆனால் வைத்தார். மணலில் புதைந்து புதைந்து, ஒவ்வொரு அடியாக, தானாக நடந்து வந்தார். பெற்ற பிள்ளை முதல் அடி வைத்தபோதுகூட எனக்கு அப்படி அழுகை முட்டவில்லை.

ஊர்க்காரர்கள் என்னை முன்னால் தள்ளினார்கள். இவர்தான் சார், படகுக்காரர். அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார், பிடித்தபடியே கண்ணால் தேடினார். வலைக்குவியலுக்கு அந்தப் பக்கம் நின்ற மாப்பிள்ளையைப் பார்த்ததும் என் கையை விட்டுவிட்டுப் போய் அவனைக் கட்டிக்கொண்டார். இவனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, கை இரண்டும் சும்மா தொங்கின.

சிப்பாய் மொழிபெயர்த்துச் சொன்னான். விமானத்திலிருந்து இருக்கையோடு தெறித்தபோதே முதுகெலும்பு நொறுங்கிவிட்டதாம். இன்னும் ஒரு பலமான அடி பட்டிருந்தால் இரண்டு காலும் போயிருக்கும் என்றாராம் டாக்டர். காத்திருந்ததால் கெட்டது ஒன்றும் இல்லையாம். இனி ஜெட் ஓட்ட முடியாது, மேசை வேலைதான். ஆனால் கல்யாணத்துக்கு நடந்தே போனாராம்.

மாப்பிள்ளை முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டான். ஒரு வருஷமாகச் சுமந்தது அப்போதுதான் இறங்கியது.

பிறகு அவர் ஒன்று கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார். கடலில் ஒரு இடத்தில் படகு தூக்கி அடித்ததே, அதற்குப் பிறகு வலது காலில் மூன்று மாதம் உணர்ச்சியே இல்லை, டாக்டர் விவரம் கேட்கிறார், அது என்ன என்று. கேட்கும்போது அவர் என்னைத்தான் பார்த்தார். நாலு பேர் இருந்த படகில் அண்ணாந்து படுத்திருந்தவர் அவர். அவருக்குத் தெரியாமல் என்ன?

நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகச் சொல்லத்தான் திறந்தேன்.

"இன்ஜின் சார்" என்றான் மாப்பிள்ளை. "பழைய இன்ஜின். திடீர்னு எகிறிடுச்சி. எங்க மச்சான்தான் புடிச்சி நிறுத்துச்சி."

சிப்பாய் அதைச் சொன்னான். அவர் அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நிறைய நேரம் பார்த்தார். பிறகு சிரித்து ஏதோ சொன்னார். இன்ஜினை நம்பவே கூடாது, எனக்கும் அதுதானே ஆச்சு என்கிறார் என்றான் சிப்பாய். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அவர் போன பிறகு கேட்டிருக்கலாம், ஏன்டா அப்படிச் சொன்னே என்று. அவன் ஒன்றரை வருஷம் சீக்காய் இருந்தபோது, வாரம் இரண்டு தடவை நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். அந்தப் பஸ்ஸில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கலாம். அவன் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வருவான், எனக்கு வாய் வராது. இப்போது சொல்லி என்ன, கேட்க அவன் இல்லை. ஆனாலும் எழுதி வைக்கிறேன், என் தங்கச்சி படிக்கட்டும், ஊர் படிக்கட்டும். அன்றைக்கு இன்ஜின் நன்றாகத்தான் இருந்தது. இழுத்தது நான்.